எதிர்க்கட்சிக்காரருக்குக் கை கொடுத்தது தப்பா?

கேள்வி: இருபது வருடமாக ஒரு கட்சியில் இருக்கிறேன், இப்போது உள்ளாட்சி மன்றத்தில் உறுப்பினர். எதிர்க்கட்சியில் ஒருவர் இருக்கிறார். மூன்று தேர்தலாக எனக்கு நேர் எதிரி, மேடையில் ஒருவரையொருவர் விட்டுவைத்ததே இல்லை. போன மாதம் அவருடைய கட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. டெண்டர் விடாமலே ஒரு வேலையைத் தங்கள் ஆளுக்குத் தூக்கிக் கொடுக்கும் தீர்மானம். அவர் எழுந்து அதை எதிர்த்துப் பேசி, எதிர்த்தே ஓட்டும் போட்டார். ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது. மறுநாளே அவருடைய கட்சிப் பொறுப்பைப் பறித்துவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் நான் போய் அவருக்குக் கை கொடுத்தேன். யாரோ அதைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "எதிரியைப் பெரிய மனுஷன் ஆக்குறியா?" என்று, என்னை அரசியலுக்குக் கொண்டுவந்த அண்ணனே கேட்கிறார். சீட் கிடைக்காத கோபத்தில்தான் அவர் அப்படிச் செய்தார் என்கிறார்கள் சிலர். அவரை நம் பக்கம் இழுத்து வா என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் கட்சியிலும் ஒரு அக்கா நாலு வருடம் முன்பு கட்சியை மீறி ஓட்டுப் போட்டார், ஆனால் அது வேறு, அவர் செய்தது துரோகம். அடுத்த தேர்தலிலும் நான் இவரை எதிர்த்துத்தான் நிற்கப் போகிறேன். இவரை மதிப்பது தப்பா? மதித்துக்கொண்டே எப்படி எதிர்ப்பது?

பதில்: தப்பில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஒரு மாதமாக இதையே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு நீட்டி முழக்கிப் பதில் சொல்வது நியாயம் இல்லை. பதவி போகும் என்று தெரிந்தே ஒருவர் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தார், உங்கள் கை தானாக நீண்டது. அந்தக் கையை நான் நம்புகிறேன். ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் ஆட்களின் கோபத்தைப் பற்றி முதலில் பேசலாம். அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை 1970இல் வெளியிட்டார். திரையில் தெரியும் புள்ளிகள் எத்தனை என்று மதிப்பிடச் சொல்லி, அதை வைத்து மாணவர்களைப் பிரித்ததாகச் சொல்லி இரண்டு அணியாக்கினார். உண்மையில் அந்தப் பிரிவினைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. தன் அணியில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அப்படியும், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் அணிக்காரனுக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்தார்கள். ஒன்றுமே இல்லாத அணிக்கே அப்படியென்றால், சேர்ந்து போஸ்டர் ஒட்டி, சேர்ந்து தோற்று, ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு இன்னொருவர் ஓடிவந்து நின்ற கட்சிக்காரர்களுக்கு எப்படி இருக்கும்? உங்கள் அண்ணனுக்கு அந்தப் படத்தில் ஒரு நல்ல மனிதருக்கு நீங்கள் கை கொடுப்பது தெரியவில்லை, தன் தம்பி கோட்டைத் தாண்டி நிற்பதுதான் தெரிகிறது. இதை வாட்ஸ்அப்பில் வாதாடித் தீர்க்க முடியாது. நேரில் போய் உட்காருங்கள். "அண்ணே, நான் எங்கேயும் போகல, அவர் செஞ்ச அந்த ஒரு காரியத்துக்குத்தான் கை கொடுத்தேன்" என்று சொல்லுங்கள். குழுவில் பதில் எழுதவே எழுதாதீர்கள்.

அவர் செய்தது எவ்வளவு கஷ்டமான வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. பதவி போனதை மட்டும் நான் சொல்லவில்லை, அதற்கு முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. ஜெஃப்ரி கோஹன் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஒரு நலத்திட்டத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார். தாராளமாக உதவும் திட்டமா, கறாரான திட்டமா என்பதைவிட, அதைத் தங்கள் கட்சி ஆதரிக்கிறதா எதிர்க்கட்சி ஆதரிக்கிறதா என்பதை வைத்துத்தான் அவர்கள் பக்கம் சாய்ந்தார்கள். என்னைக் கலங்கடித்த விஷயம், அவர்களில் பெரும்பாலானவர்கள் திட்டத்தைப் படித்து அதன் தகுதியை வைத்துத்தான் முடிவெடுத்தோம் என்று மனதார நம்பினார்கள். பொய் சொல்லவில்லை, நம்பினார்கள். உங்கள் எதிராளி அந்தத் தீர்மானத்தை வாங்கிப் படித்தபோது அதன் தலையில் அவருடைய சொந்தக் கட்சியின் பெயர் இருந்தது. இருந்தும் உள்ளே இருந்த தப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் சபையில் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். இந்த இரண்டும் தனித்தனியாகவே அபூர்வம்.

சரி, சீட் கோபம்.

அவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்கேகூட முழுசாகத் தெரியாமல் இருக்கலாம். இருபது வருடமாக மனிதர்களின் மனசைக் கேட்பதுதான் என் தொழில், கலப்படம் இல்லாத நோக்கத்தை நான் ஒருவரிடமும் பார்த்ததில்லை, அதனால் யாரையும் நான் குறைத்து எடைபோடுவதும் இல்லை. நோக்கத்தைத் தோண்டுவதை விட்டுவிட்டு, பார்க்க முடிந்ததைப் பாருங்கள். முன்பும் இதே விஷயத்தில் இதையேதான் பேசியிருக்கிறாரா? சபையில் எல்லோர் முன்னாலும் சொன்னாரா, ரகசிய ஓட்டில் ஒளிந்துகொண்டாரா? அதனால் அவருக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வெளிப்படையாகப் பேசினார், மறுநாளே இழந்தார். சீட் வேண்டும் என்கிற ஆள் சொந்தக் கட்சியை ஒரே ஓட்டில் தோற்கடித்து அதைக் கேட்பாரா என்று உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள். கோபமும் கொஞ்சம் இருந்திருக்கலாம், இருந்தால் என்ன? அந்தத் தீர்மானம் தப்பு என்பது அதனால் மாறிவிடாது.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்று. அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். 1868இல் அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவிநீக்கம் செய்ய செனட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைவு. கட்சியை மீறி ஜான்சனைக் காப்பாற்றிய ஏழு குடியரசுக் கட்சிக்காரர்களில் எட்மண்ட் ராஸ் என்பவரைப் பின்னாளில் மனசாட்சியின் வீரர் என்று கொண்டாடினார்கள். அப்புறம் வரலாற்றாசிரியர்கள் தோண்டியபோது, அந்த ஓட்டுக்குப் பிறகு அதே ஜான்சனிடம் தன் ஆட்களுக்குப் பதவி கேட்டு அவர் போனது தெரிந்தது, லஞ்சச் சந்தேகமும் கிளம்பியது. அதனால் சொல்கிறேன், அந்த ஒரு நாள் ஓட்டை மதியுங்கள், அதை வைத்து ஆள் முழுவதற்கும் சான்றிதழ் எழுதாதீர்கள். நாளைக்கே அவர் வேறொரு விஷயத்தில் தப்பாக நடந்தால், "அய்யோ, நான் ஏமாந்துட்டேனே" என்று உங்களுக்குத் தோன்றக் கூடாது. நீங்கள் ஏமாறவில்லை. அன்றைக்கு அவர் செய்தது சரி, அதற்குக் கை கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

கட்சி விசுவாசத்தைப் பற்றியும் நான் பேசியாக வேண்டும், இல்லையென்றால் உங்கள் அண்ணனுக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். கட்சிக் கட்டுப்பாடு வெறும் அடிமைத்தனம் கிடையாது. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானோர் சின்னத்தைப் பார்த்துப் போடுகிறார்கள், ஜெயித்தவர் நினைத்தபடியெல்லாம் தாவினால் அந்த ஓட்டுக்கு என்ன மரியாதை? இந்தியாவில் 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்ததே அப்படித் தாவியவர்களால்தான். அந்தச் சட்டப்படி, நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போய்விடலாம். அந்தச் சட்டம் விலைபோனவரையும் மனசாட்சிக்காக மீறியவரையும் ஒரே கயிற்றால் கட்டுகிறது என்பது என் வருத்தம். ஆனால் அது எதற்காக வந்தது என்பதை மறக்க முடியாது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வருபவர் சோம்நாத் சட்டர்ஜி. 1968இலிருந்து மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தவர், பத்து முறை மக்களவைக்குப் போனவர், 2004இலிருந்து சபாநாயகர். 2008இல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டபோது, சபாநாயகர் பதவியை விட்டு வரச் சொன்னது கட்சி. அந்த நாற்காலி கட்சிக்கு அப்பாற்பட்டது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஜூலை 22ஆம் தேதி நம்பிக்கை ஓட்டெடுப்பு அவர் தலைமையில் நடந்தது, மறுநாள் கட்சி அவரை நீக்கியது. நாற்பது வருட உறவு ஒரே நாளில் முடிந்தது. 2018இல் இறக்கும்வரை அவர் திரும்பச் சேர்க்கப்படவில்லை, வேறு கட்சிக்கும் போகவில்லை. அவரை நான் மதிக்கிறேன், அதே சமயம் அவரை நீக்கியவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு கொள்கை முடிவை எடுத்த கட்சி, அதில் தன் மூத்த உறுப்பினரே நிற்காதபோது என்ன செய்யும்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில்தான் இந்த மாதிரி முடிவு ஆளை உடைக்கிறது. உங்கள் எதிராளியும் இன்று அப்படி உடைந்துபோய் இருக்கக்கூடும். உங்கள் கை அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், சங்கடமாகவும் இருந்திருக்கும். "பாருங்க, எதிரியே வந்து கை கொடுக்கிறான், அப்பவே தெரியலையா?" என்று அவருடைய கட்சியில் அந்தப் படத்தைக் காட்டிப் பேசியிருப்பார்கள். இதை யோசித்தீர்களா?

அதனாலேயே, அவரை உங்கள் பக்கம் இழுக்கும் வேலையைச் செய்யாதீர்கள். கட்சி சொன்னாலும் அந்தத் தூதை ஏற்காதீர்கள். அவர் நாளைக்கு உங்கள் துண்டைப் போட்டுக்கொண்டு மேடையேறினால் அந்த ஓட்டின் அர்த்தமே பின்னோக்கி மாறிவிடும், "ஓ, அதுக்குத்தானா" என்று ஊர் உதட்டைப் பிதுக்கும். டெண்டரைப் பற்றிய கேள்வி அப்படியே புதைந்துபோகும். பிரிட்டனில் ராபின் குக் இராக் போரை எதிர்த்து 2003 மார்ச் 17 அன்று அமைச்சர் பதவியை விட்டு விலகி நாடாளுமன்றத்தில் பேசினார். கைதட்டும் வழக்கமே இல்லாத அந்தச் சபையில் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தன் அரசின் பெரிய முடிவையே எதிர்த்த அவர் கடைசிவரை தொழிற்கட்சியில்தான் இருந்தார். அந்தப் பேச்சு இன்றைக்கும் கனமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் எதிராளி அவருடைய கட்சியிலேயே இருக்கட்டும். அந்தக் கட்சிக்கும் அவர் தேவை, உங்கள் ஊருக்கும் தேவை. அவராகவே ஒருநாள் மனம் மாறி வந்தால் அது அவர் பாடு.

மதித்துக்கொண்டே எதிர்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். நம் மண்ணிலேயே இதற்கு ஒரு பெரிய ஜோடி இருக்கிறது. 1938இல் ராஜாஜியின் ஆட்சியில் இந்தி எதிர்ப்புக்காகப் பெரியார் சிறைக்குப் போனார். 1950களில் ராஜாஜியின் கல்விக் கொள்கையைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார், 1954இல் ராஜாஜி பதவி விலகினார். கொள்கையில் ஒரு அங்குலம் இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை, நட்பையும் விடவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டார். எதிர்ப்பை மட்டுப்படுத்தினால்தான் மரியாதை காட்ட முடியும் என்று நினைத்திருந்தால் அவர்கள் இருவருமே அரசியல் செய்திருக்க முடியாது.

ஆகவே தேர்தலில் அவரை எதிர்த்து நன்றாக, முழு பலத்தோடு நில்லுங்கள். அவருடைய கட்சியின் திட்டங்களைப் பிரித்து மேயுங்கள், அவர் ஓட்டுப் போட்ட மற்ற தீர்மானங்களை எடுத்துப் பேசுங்கள். அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் லிஸ் செனி 2021இல் தன் கட்சிக்காரரான டிரம்ப்பைப் பதவிநீக்கம் செய்ய ஓட்டுப் போட்டார், அந்த வருடமே கட்சித் தலைமைப் பொறுப்பை இழந்தார், 2022இல் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அவரைப் பாராட்டினார்கள். ஆனால் வரி, கருக்கலைப்பு என்று மற்ற பல விஷயங்களில் அவர் அப்போது அவர்களுக்கு எதிர்ப்பக்கம்தான் இருந்தார். அது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு விஷயத்தை மட்டும் செய்யாதீர்கள். அவருக்கு அவருடைய கட்சியோடு இருக்கிற இந்தக் காயத்தைப் பிரச்சாரத்தில் எடுக்காதீர்கள், "சொந்தக் கட்சியே நம்பாத ஆள்" என்கிற வாசகம் உங்கள் ஆட்களுக்கு நிச்சயம் தோன்றும், அச்சடிப்பதற்கு முன் தடுத்துவிடுங்கள். அந்த டெண்டர் விஷயம் மேடையில் வந்தால், அன்றைக்கு அவர் சரியாக நடந்தார் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அடுத்த விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேசுங்கள். கொஞ்சம் ஓட்டுப் போகலாம். போகட்டும் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு உரிமை இல்லை, நிற்கப்போவது நீங்கள். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன்.

இப்போது அந்த வரி. "எங்கள் கட்சியிலும் ஒரு அக்கா... அது வேறு, அவர் செய்தது துரோகம்."

எப்படி வேறு? அவர் எதற்காக மீறினார், என்ன தீர்மானம், சபையில் என்ன பேசினார், ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. எதிராளியின் ஓட்டுக்கு ஒவ்வொரு விவரமும் எழுதியவர் அக்காவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் கொடுத்திருக்கிறீர்கள். உண்மையிலேயே அது வேறாக இருக்கலாம், காசு வாங்கிக்கொண்டுகூட ஓட்டுப் போட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் வேறு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசியுங்கள். இவருடைய ஓட்டு உங்கள் கட்சிக்கு வெற்றி கொடுத்தது, அக்காவின் ஓட்டு உங்கள் கட்சிக்கு அவமானம் கொடுத்தது. இந்த ஒரு வித்தியாசம் தவிர வேறு வித்தியாசம் கிடைக்கிறதா? அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி 2012இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது அவரைக் கிழித்துத் தொங்கவிட்டவர்களே, 2020 பிப்ரவரியில் பதவிநீக்க விசாரணையில் சொந்தக் கட்சி ஜனாதிபதி டிரம்ப்பைக் குற்றவாளி என்று ஓட்டுப் போட்டு, சொந்தக் கட்சி ஜனாதிபதிக்கு எதிராக அப்படி ஓட்டுப் போட்ட முதல் செனட்டர் ஆனதும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அவருடைய கட்சியிலோ அவரைத் துரோகி என்றார்கள். ஓட்டு ஒன்றுதான்.

உளவியலில் இதற்குக் கறுப்பு ஆடு விளைவு என்று பெயர். 1988இல் ஹோசே மார்க்கெஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் காட்டியது இதைத்தான்: பிடிக்காத ஒரு காரியத்தை வெளி ஆள் செய்தால் கொடுக்கிற மதிப்பெண்ணைவிட, நம் ஆள் செய்தால் இன்னும் குறைத்துக் கொடுக்கிறோம். நம்மில் ஒருவர் என்பதாலேயே அந்த அடி ஆழமாக விழுகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊழியர் சங்கத்தில் இருந்தேன், அதில் இரண்டு அணி. எங்கள் அணிக் கணக்கில் தப்பு இருக்கிறது என்று எங்கள் அணியிலிருந்தே ஒரு பெண் பொதுக்குழுவில் எழுந்து சொன்னாள். தினமும் என்னோடு சாப்பிட்டவள். அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினேன். யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் சொன்ன கணக்கு சரி என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது, அதற்கு அப்புறமும் நான் பேசவில்லை, ஏனென்றால் இப்போது பேசினால் இத்தனை நாள் பேசாதது ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த வருடம் எதிரணியில் ஒருவர் அதே மாதிரி எழுந்து அவர்கள் கணக்கைக் கேள்வி கேட்டபோது நான் மனசாரப் பாராட்டினேன். அவள் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலையை மாற்றிக்கொண்டு போனது எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அதனால் இதைச் செய்யுங்கள். நாலு வருடத்துக்கு முன்பு நடந்த அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுங்கள், மன்றத்தில் இருக்கும். அக்கா பேசியதைப் படியுங்கள். பேசியவர் எதிர்க்கட்சிக்காரர் என்று நினைத்துக்கொண்டு ஒருமுறை, உங்கள் அக்கா என்று நினைத்துக்கொண்டு ஒருமுறை. அதன் பிறகும் அது துரோகம்தான் என்று தோன்றினால் சரி, உங்கள் முடிவு, ஆனால் இப்போது காரணத்தோடு இருக்கும். தோன்றாவிட்டால், உங்கள் எதிராளிக்குக் கை கொடுக்கப் போனதுபோலவே அவர் வீட்டுக்கும் போங்கள். போன் வேண்டாம், வேறு யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். இவருக்குக் கை கொடுத்த படத்தை அந்த அக்காவும் பார்த்திருப்பார். அதைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.